மூடிக் கிடந்த பெட்ரோல் டேப்

செவ்வாய்க்கிழமை காலை பிரேமலதா பாலக்கரையில் பீமராவின் அலுவலகப் படியேறி வந்தபோது, கொள்ளிடத்தில் படகு விட்டு அவள் கணவனின் உடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உட்காரச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. நின்றபடியே சொன்னாள். கணவன் பெயர் செந்தமிழன். ஒரு டுடோரியலில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தான். போன மாதம் அதை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. மறுநாள் விடிந்தபோது அந்த பைக் கொள்ளிடம் பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றது. சாவி அதிலேயே இருந்தது. ஆளைக் காணவில்லை. அவனுடைய செல்போன் கடைசியாகப் பேசிய டவரும் பாலத்துப் பக்கத்து டவர்தான்.

வேலை போன மனிதன், பாலம், ஆறு நிறையத் தண்ணீர். போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. போதாததற்குக் கீழ் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு சாட்சியும் சொல்லியிருந்தார். செந்தமிழன் வண்டியைக் கிளப்பும்போது 'இன்னைக்கு ஒரு முடிவு கட்டிடறேன்' என்று சொன்னானாம். அவர் தன் காதால் கேட்டாராம்.

"சொன்னாருதான்," என்றாள் பிரேமலதா. "அந்த பைக்குல பெட்ரோல் ஒழுகும் சார். ஒழுகலுக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டிடறேன்னாரு. வீட்டுக்காரர் பாதியைத்தான் கேட்டிருக்காரு."

மூலையில் மேஜைமேல் குனிந்திருந்த வைஷ்ணவி நிமிர்ந்தாள். பீமராவின் உதவியாளர் என்று ஒரே ஒரு ஆள் உண்டென்றால் அது அவள்தான். ஸ்ரீரங்கத்துப் பெண். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவள் வாய் சும்மா இருக்காது. ஆனால் இப்போது எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து பிரேமலதாவின் பின்னால் போட்டாள்.

பிரேமலதா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் முக்கியமானதைச் சொன்னாள். செந்தமிழனுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குவது இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். ஊசி மருந்தை அவன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் எங்காவது உயிரோடு இருந்தாலும் இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று அவனைப் பார்க்கும் டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

"சாகப்போறவருக்கு ஊசி எதுக்குன்னு கேக்கறாங்க சார். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடலாம்னு போனவருக்கும் ஊசி தேவையில்லையே."

பீமராவ் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வாகன விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். ஆனால் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. பைக் இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அவர் கேட்டதெல்லாம் பைக்கைப் பற்றித்தான். பிரேமலதாவுக்கு அது விசித்திரமாக இருந்தது. புருஷனைத் தேடித் தரச் சொன்னால் வண்டியைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் பதில் சொன்னாள். டூ ஸ்ட்ரோக் பைக். கல்யாணத்துக்கு முன்பே அவன் யாரிடமோ பழசாக வாங்கியது. மெக்கானிக்கிடம் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கழற்றுவான். அவள் டார்ச் பிடிக்க வேண்டும், கழற்றிய ஸ்க்ரூக்களைத் தட்டில் வரிசை மாறாமல் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவன் கை நீளும் முன்பே எந்த ஸ்பேனர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒழுகலைப் பற்றியும் விளக்கமாகச் சொன்னாள். டேங்கிலிருந்து பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் போகாது. கார்பரேட்டருக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அதில் நிரம்பித்தான் போகும். கிண்ணம் நிரம்பியதும் ஒரு மிதவை மேலே எழும்பி, ஊசி போன்ற ஒரு பின்னை அழுத்தி வழியை அடைக்கும். இந்த வண்டியில் அந்தப் பின் தேய்ந்துவிட்டது. நிறுத்தி வைத்தாலும் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், வழிந்து தரையெல்லாம் நாறும். அதனால் வண்டியை விட்டு இறங்கினால் செந்தமிழன் முதலில் செய்கிற காரியம் டேங்குக்குக் கீழே இருக்கிற டேப்பை மூடுவதுதான். சாவியை எடுக்க மறந்தாலும் அதை மறக்க மாட்டான்.

"புதுசா ஒரு பின் வாங்கிப் போட்டுடலாமேக்கா," என்றாள் வைஷ்ணவி.

"கிடைக்கலைம்மா. கிடைச்சதெல்லாம் சரியா உக்காரலை. ஒரிஜினல் ஒண்ணு எங்கயோ இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன்னு சனிக்கிழமை ரொம்ப சந்தோஷமா இருந்தாரு."

எங்கே என்று பிரேமலதா அன்று அவனிடம் கேட்கவில்லை. நேற்றிலிருந்து அதை நினைத்துத்தான் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

பைக் காவல் நிலையத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் தர்மராஜ் பொல்லாதவர் இல்லை. இரண்டு நாளாக ஆற்றங்கரையில் நின்று கறுத்துப் போயிருந்தார். பிரேமலதாவைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். ஆனால் பீமராவ் வந்த காரியத்தைச் சொன்னபோது, மறுத்துத் தலையை ஆட்டினார்.

"இவங்களே சொன்னதுதான் சார். அந்த டேப்பை அவரைத் தவிர யாரும் மூட மாட்டாங்களாம். பாலத்துல நாங்க வண்டியைப் பார்த்தப்ப டேப் மூடியிருந்துச்சு. அப்ப அங்க கொண்டுவந்து நிறுத்தினது யாரு?"

பிரேமலதாவின் முகம் வெளிறிப்போனது. கணவன் எவ்வளவு கவனமானவன் என்று காட்டுவதற்காக நேற்று அவள்தான் அதைச் சொல்லியிருந்தாள். அதையே இன்ஸ்பெக்டர் அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவளைத் தாங்கியிருந்த நம்பிக்கை அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டது வெளியே தெரிந்தது.

பீமராவ் பைக்கின் அருகில் குந்தி உட்கார்ந்தார். வண்டியை இங்கே யார் ஓட்டிவந்தது என்று கேட்டார். யாரும் ஓட்டவில்லை, லோடு ஆட்டோவில் நிற்க வைத்துக் கட்டிக் கொண்டுவந்தோம் என்றார் தர்மராஜ். அதற்குப் பிறகும் யாரும் தொடவில்லை.

"சாய்க்கவும் இல்லையே?" என்று வைஷ்ணவி கேட்டாள். இல்லை என்று அருகிலிருந்த காவலர் உறுதியாகச் சொன்னார்.

பீமராவ் பிரேமலதா பக்கம் திரும்பினார். "அவர் பாலத்துல நிறுத்தி, இறங்கி, டேப்பை மூடியிருந்தா, அந்தக் கிண்ணத்துல பெட்ரோல் இருக்குமா, இருக்காதாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கும் சார். மேலேர்ந்து வர்றதுதான் நிக்கும். கிண்ணத்துல இருக்கிறது எங்க போகும்?"

"திறந்து பார்ப்போமா?"

இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. பிரேமலதாவே குனிந்தாள். டூல் பாக்ஸிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கிண்ணத்துக்கு அடியில் இருந்த ஸ்க்ரூவைத் திருகினாள். ஸ்க்ரூவின் தலை அவளுக்குத் தடவியே அகப்பட்டது. அடியில் வைஷ்ணவி ஒரு டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூ கழன்று வந்தது.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

எல்லோரும் கிளாஸையே பார்த்தார்கள். ஒழுகிப் போயிருக்கலாமே, காய்ந்திருக்கலாமே என்றார் தர்மராஜ். நியாயமான சந்தேகம்தான். பிரேமலதா ஸ்க்ரூவை மாட்டி, டேப்பைத் திறந்து, கிண்ணம் நிரம்பி வழியத் தொடங்கியதும் மூடினாள். அங்கேயே காத்திருந்தார்கள். உள்ளே வயர்லெஸ் எதையோ கரகரத்தது. டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. வெயில் மரத்தைவிட்டு நகர்ந்து வண்டியின்மேல் விழுந்த பிறகு மறுபடி ஸ்க்ரூவைக் கழற்றினாள். டீ கிளாஸின் அடியில் பெட்ரோல் வந்து நின்றது. கிண்ணம் ஒழுகவில்லை, இந்த வெயிலுக்குக் காய்ந்துவிடவும் இல்லை.

"டேப் மூடியிருக்கும்போதே யாரோ வண்டியை எடுத்து ஓட்டியிருக்காங்க," என்றார் பீமராவ். "கிண்ணத்துல இருந்த வரைக்கும் ஓடியிருக்கு. அது தீர்ந்ததும் நின்னிருக்கு. நின்ன இடம் பாலம். டேப்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாத ஆளு, சார். செந்தமிழன் டேப்பை மூடினது வாஸ்தவம். ஆனா மூடினது பாலத்துல இல்ல. அதுக்கு முன்னாடி அவரு நிறுத்தின இடத்துல."

பிரேமலதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தர்மராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திருட்டு என்றால் சாவி எப்படி வண்டியில் இருக்கும் என்று மெல்லக் கேட்டார். அதுதான் பீமராவையும் உறுத்தியது. சாவி கிடைத்தது என்றால் அந்த ஆள் செந்தமிழனின் பக்கத்தில் இருந்திருக்கிறான். செந்தமிழனால் தடுக்க முடியவில்லை.

வைஷ்ணவி இதற்குள் வண்டியைச் சுற்றிவந்து செயின் கவருக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். கிரீஸ் படிந்த இடத்தில் ஏதோ மஞ்சளாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். உமி.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மண்ணெண்ணெய் போட்டு வண்டி முழுக்கத் துடைத்தார், தட்டு பிடித்தது நான்தான் என்றாள் பிரேமலதா. அப்படியானால் உமி அதற்குப் பிறகு ஒட்டியது.

"ஆக, வண்டி உமி கிடக்கிற மண்ணுல புரண்டுட்டு வந்திருக்கு," என்றாள் வைஷ்ணவி. "மிச்சம் ஒண்ணுதான் சார். ஒரு கிண்ணம் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம்?"

அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிட ஓட்டிப் பார்ப்பது சுலபம். தர்மராஜ் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: ஜீப் பின்னாலேயே வரும். வைஷ்ணவி டேப்பைத் திறந்து கிக்கரை உதைத்தாள். இரண்டாவது உதையில் கிக்கர் எகிறித் திரும்பிவந்து அவள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடித்தது. வலியில் ஒற்றைக் காலில் நின்றாள். பாதி உதைத்து விட்டால் அப்படித்தான் அடிக்கும், கடைசிவரை மிதிக்க வேண்டும் என்று பிரேமலதா சொல்லிக்கொடுத்தாள். செந்தமிழனுக்கே அந்த இடத்தில் தழும்பு உண்டாம்.

"இது வண்டி இல்லக்கா, காவல் தெய்வம்," என்று காலைத் தேய்த்துக்கொண்டு வைஷ்ணவி மறுபடி மிதித்தாள். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது.

பாலத்தில் பைக் நின்றிருந்த இடத்துக்குப் போனார்கள். கீழே, செந்நிறத் தண்ணீரில் ஆரஞ்சுப் படகு சுற்றிக்கொண்டிருந்தது. பிரேமலதா ஜீப்பில் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஐஸ் வைத்துச் சுற்றிய ஊசி மருந்து இருந்தது. நேற்றிலிருந்து அதைச் சுமந்துகொண்டே திரிகிறாள்.

வண்டி பாலத்தில் வடகரையில் இருக்கும் டோல்கேட் பக்கம் பார்த்து நின்றதாக தர்மராஜ் சொன்னார். அப்படியானால் வந்தது திருவானைக்காவல் பக்கத்திலிருந்து. வைஷ்ணவி கிண்ணம் நிரம்பும்வரை காத்திருந்து டேப்பை மூடினாள். வண்டியைத் திருப்பி, வந்த வழியே ஓட்டினாள். ஜீப் பின்னால் ஊர்ந்தது. பாலம் இறங்கியது, ஒரு வளைவு, சாலையோரத் தென்னைகள், ஒரு பெட்டிக்கடை. கடையைத் தாண்டியதும் இன்ஜின் இரண்டு முறை இருமியது. வைஷ்ணவி ஓரம் கட்டினாள். வண்டி நின்றுவிட்டது.

பீமராவ் இறங்கி முன்னால் பார்க்கவில்லை; வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜின் இப்போது சூடாக இருக்கிறது, குறைவாகக் குடிக்கும். அந்த ஆள் எடுத்தபோது வண்டி ஆறியிருந்திருக்கும். அதிகம் குடித்திருக்கும். ஆகையால் அவன் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. செந்தமிழன் இருப்பது இந்த இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவில்.

நடக்கத் தொடங்கினார்கள். பிரேமலதா எல்லோருக்கும் முன்னால், கிட்டத்தட்ட ஓடினாள். தென்னைகளுக்குப் பின்னால் ஒரு மண்பாதை பிரிந்தது. அதன் முடிவில் புகைபோக்கி ஒன்று கறுத்து நின்றது. எப்போதோ மூடிய அரிசி ஆலை. கேட்டுக்கு அடியில் காற்று உமியைத் தள்ளிக் கொண்டுவந்து குவித்திருந்தது.

கேட்டைத் தட்டியதும் காவல்காரர் வந்தார். பிச்சமுத்து என்று பெயர். உப்பிலியபுரத்துப் பக்கத்துக்காரர், ஆலையில் ஓர் அறையில் தங்கிப் பார்த்துக்கொள்கிறார். போலீஸ் ஜீப்பைப் பார்த்தும் அவர் பதறவில்லை. யாரும் வரவில்லை, முதலாளி சென்னையில் இருக்கிறார், அவர் சொல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று நிதானமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் யாரும் வரவில்லை. பைக்கா? தனக்கு சைக்கிள் மட்டும்தான் பழக்கம் என்றார்.

தர்மராஜுக்கு அந்த நிதானம் போதுமானதாக இருந்தது. சரி, ஆலையைச் சோதனை போட முதலாளிக்குப் போன் செய்யலாம் என்று எண்ணைக் கேட்டார். பிரேமலதா கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

வைஷ்ணவி மட்டும் காவல்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், மஞ்சள் பற்றுப் போட்ட ஒரு வீக்கம்.

அவள் குனிந்து தன் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டாள். அதே கால், அதே இடம். இன்னும் சிவந்திருந்தது.

"அண்ணே, என்னையும் அதேதான் உதைச்சுது," என்றாள். குரலில் கேலி இல்லை. "கடைசிவரைக்கும் மிதிக்கணுமாம். தெரியாத ஆளை மட்டும்தான் அடிக்கும்."

பிச்சமுத்து அவள் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். வேட்டியை இறக்கிவிடப் போன கை பாதியில் நின்றது.

"எங்க இருக்காரு?" என்று பீமராவ் கேட்டார்.

பிச்சமுத்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பூட்டில் சாவி நுழைய மறுத்தது. தர்மராஜ் பிடுங்கித் திறந்தார். பிரேமலதா உள்ளே ஓடினாள்.

பின்னால் ஒரு பெரிய கொட்டகை. ஒரு மூலையில் மலையாக உமி. அதன் பின்னால் பாதி புதைந்த ஒரு பழைய பைக், செந்தமிழனுடையதைப் போலவே. அதன் கார்பரேட்டர் பக்கத்து ஸ்க்ரூக்கள் கழற்றப்பட்டு ஒரு பேப்பரில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அந்த வரிசையைப் பார்த்ததும் பிரேமலதா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பைக்குக்கு ஓரடி பின்னால் தரையில் பலகை முறிந்த ஒரு ஓட்டை. நெல் ஊறவைக்கும் தொட்டி. பலகை போட்டு மூடியிருந்ததன்மேல் உமி பரவிக் கிடந்திருக்கிறது. வேலை செய்துகொண்டே பின்னால் ஓரடி வைத்தவனுக்கு அது தெரிய வழியில்லை.

வைஷ்ணவி செல்போன் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள்.

சாக்கு விரிப்பின்மேல் செந்தமிழன் கிடந்தான். ஒரு கால் விபரீதமாகத் திரும்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் மார்பு பெரிதாக ஏறி இறங்கியது; ஓடிவந்து நிற்பவனைப் போல வேகவேகமாக, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். விழுந்ததில் நொறுங்கிய செல்போன் ஓரத்தில் கிடந்தது. தலைக்கு அடியில் ஒரு மடித்த சட்டை. கை எட்டும் தூரத்தில் ஒரு குடம், ஒரு டம்ளர்.

பீமராவ் டம்ளரைப் பார்த்தார். பிறகு பிச்சமுத்துவைப் பார்த்தார். கேட்க நேரமில்லை. தொட்டிக்குள் இறங்கப் படி எதுவும் இல்லை. பிச்சமுத்துதான் எங்கிருந்தோ ஏணியைக் கொண்டுவந்து வைத்து முதலில் இறங்கினார். தர்மராஜ் தடுக்கவில்லை. அந்த மனிதர் செந்தமிழனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மேலே வந்ததும் பிரேமலதா கணவனின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். பழம் அழுகிய வாடை. அவளுக்கு அந்த வாடை தெரியும். கல்யாணமான புதிதில் ஒருமுறை காய்ச்சலில் ஊசி தவறியபோது வந்தது. இந்த வாடை வந்துவிட்டால் வீட்டு ஊசி போதாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் என்று டாக்டர் அன்று சொன்னதும் நினைவிருந்தது.

"பெரியாஸ்பத்திரிக்கு," என்றாள். "வேற எங்கயும் நிக்காதீங்க."

ஜீப் சைரனோடு காவிரிப் பாலத்தைத் தாண்டியது. கணவனின் தலை அவள் மடியில் இருந்தது. பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். சிந்தாமணியில் நெரிசலில் ஜீப் நின்றபோது, வைஷ்ணவி இறங்கி ஓடி பஸ்களுக்கு முன்னால் நின்று கையை விரித்துக் கத்தி வழி வாங்கினாள். எந்த டிரைவரும் அவளைத் திட்டவில்லை.

அவசரப் பிரிவின் கதவு மூடிக்கொண்டது. வராண்டாவில் காத்திருந்த அந்த மாலை நீண்டுகொண்டே போனது. அந்த நேரத்தில்தான் பிச்சமுத்து ஒரு காவலருக்கு அருகில் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

ஆலையில் கிடந்த பழைய பைக்கிலிருந்து ஒரு சின்னப் பின் மட்டும் வேண்டும் என்று செந்தமிழன் கேட்டபோது பாவமாக இருந்ததாம். உள்ளே விட்டார். பலகை முறிந்த சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தபோது அவன் அசைவில்லாமல் கிடந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தார். முதலாளிக்குத் தெரியாமல் விட்டது, உள்ளே ஒரு சாவு, தனக்கு அந்த அறையைத் தவிர வேறு வீடில்லை. இருட்டியதும், சாவியோடு நின்ற பைக்கை டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டால், எங்கேயோ பஸ் ஏறிப் போய்விட்டான் என்று நினைப்பார்கள் என்று கிளம்பினார். வண்டி பாலத்திலேயே நின்றுவிட்டது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. விட்டுவிட்டு நடந்தே திரும்பினார்.

"வந்து பார்த்தா முனகறாரு சாமி. அப்ப எனக்கு உசிரு வந்துச்சு. காலைல சொல்லிடலாம்னு இருந்தேன். காலைல பார்த்தா ஆத்துல படகு. ஊரே கூடி நிக்குது. வாய் அடைச்சுப்போச்சு."

சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் இதோ சொல்லிவிடலாம் என்றே கழிந்திருக்கிறது. செந்தமிழன் சோறு வேண்டாம் என்றான், தண்ணீர் கேட்டான். குடம் குடமாக இறக்கிக் கொடுத்தார். தெம்புக்கு என்று கலர் சோடா வாங்கிவந்தால் அதைத் தொடவில்லை. ஊசி வேண்டும் என்றான். என்ன ஊசி என்று கேட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கும் போயிருக்கிறார். யாருக்கு, டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டதும் பயந்து திரும்பிவிட்டார். இன்று காலையிலிருந்து அவன் பேசுவது புரியவில்லையாம்.

வைஷ்ணவி எழுந்து வராண்டாவின் மறுகோடிக்குப் போய்விட்டாள். 

விளக்கு போட்ட பிறகு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர், கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சர்க்கரை மெல்ல இறங்குகிறது, கூப்பிட்டால் கண் திறக்கிறார், காலுக்கு ஆபரேஷன் தேவைப்படும், ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார். எப்படித் தாங்கினார் என்றுதான் தெரியவில்லை. "உள்ள தண்ணி போயிட்டே இருந்திருக்கு. இல்லன்னா நேத்தே முடிஞ்சிருக்கும்."

பிரேமலதா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. அவன் அவள் விரலை ஒருமுறை அழுத்தினானாம். அதை பீமராவிடம் மட்டும் சொன்னாள். கடைசிவரை பயன்படாத துணிப்பையை வைஷ்ணவியிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னாள்.

தர்மராஜ் பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய வாக்குமூலத்தை எழுதத் தொடங்கியிருந்தார். ஆலைக்கு எப்போது போனது, யார் கதவைத் திறந்தது, கணவன் எந்த நிலையில் கிடந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொன்னாள். மறைத்தது, பைக்கை நகர்த்தியது, தகவல் தராமல் உயிருக்கு ஆபத்து விளைவித்தது என்று அவர் எழுதிக்கொண்டே வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த பிச்சமுத்து தலை நிமிரவில்லை. எழுதி முடித்து, கையெழுத்துப் போட அவளிடம் நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். முழுவதும் படித்தாள். கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளைத் திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

"இவரை விட்டுடுங்கன்னு நான் சொல்லல சார்," என்றாள். "எனக்கு அந்த மனசு இல்ல. ஆனா தண்ணி குடுத்ததையும் எழுதிக்குங்க."